லினக்ஸ் போட்ட பிறகு வைஃபை வரவில்லையா? முதலில் லேப்டாப்பையே கேளுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ஜோடி செருப்பு கூடுதலாகக் கிடந்தால், உள்ளே யாரோ லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸில்தான் வேலை செய்கிறேன் என்பது எப்படியோ தெருவில் பரவிவிட்டது, அவ்வளவுதான். வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "அண்ணா, லினக்ஸ் போட்டேன், வைஃபை வரல."

மூன்று வாரம் முன்னால் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பையன் வந்தான், காலேஜ் முதல் வருஷம். புதுச்சேரியில் ஒரு கடையில் பழைய லேப்டாப் வாங்கி, சீனியர் கொடுத்த பென்டிரைவில் இருந்து லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04 போட்டிருக்கிறான். திரை வருகிறது, சத்தம் வருகிறது, வைஃபை மட்டும் இல்லை. மூன்று நாளாக என்னென்ன செய்தாய் என்று கேட்டேன். லேப்டாப் மாடலின் பெயரைப் போட்டுத் தேடி, கிடைத்த டிரைவரையெல்லாம் (ஒரு பாகத்தை இயக்கும் நிரல்தான் டிரைவர்) போனில் இறக்கி, லேப்டாப்புக்கு மாற்றியிருக்கிறான். டெஸ்க்டாப்பில் ஏழு கோப்பு வரிசையாக நின்றது. ஏழும் ஈஎக்ஸ்ஈ. விண்டோஸுக்கானவை. லினக்ஸில் அவற்றை எத்தனை முறை கிளிக் செய்தாலும் ஒன்றும் ஆகாது.

அவனைக் குறை சொல்ல மாட்டேன், விண்டோஸில் பழகியவர்களின் கை தானாக அப்படித்தான் போகும். புது ஓஎஸ், அதாவது இயங்குதளம், போட்டால் டிரைவர் சிடி தேடு, கம்பெனி தளத்துக்குப் போ, இறக்கு, ரீஸ்டார்ட் செய். லினக்ஸில் அந்தப் பழக்கத்தை முதலில் கழற்றி வைக்க வேண்டும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, இன்று இத்தனை பெரிதாக வளர்ந்திருப்பதற்குக் காரணமே டிரைவர்கள்தான், அதன் மூல நிரலில் பாதிக்கு மேல் டிரைவர் நிரல். அதாவது உங்கள் லேப்டாப்பில் இருக்கும் பாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு டிரைவர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. வைஃபை வரவில்லை என்றால் "டிரைவர் எங்கே கிடைக்கும்" என்பது இரண்டாவது கேள்வி. எது வேலை செய்யாமல் நிற்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி, அதற்குப் பதில் லேப்டாப்புக்கே தெரியும்.

கட்டளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாதி உதவி நான் போனில்தான் சொல்கிறேன், அதனால் எழுத்து எழுத்தாகச் சொல்லியே பழகிவிட்டது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கட்டளை அடிக்கும் இடத்துக்கு டெர்மினல் என்று பெயர், அதைத் திறக்க கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. இடைவெளி என்று சொன்ன இடத்தில் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாத இடத்தில் இருக்கக் கூடாது. சூடோ, அதாவது எஸ்-யூ-டி-ஓ, என்று தொடங்கும் கட்டளை பாஸ்வேர்டு கேட்கும். நீங்கள் அடிக்கும்போது பெரும்பாலும் திரையில் ஒரு புள்ளிகூட நகராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று பயந்து மூன்று பேர் எனக்கு போன் செய்திருக்கிறார்கள். கெடவில்லை, அது அப்படித்தான், அடித்துவிட்டு எண்டர் தட்டுங்கள்.

நெட் இல்லாமல் நெட் வாங்குவது

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான் இது. வைஃபை டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர வைஃபை வேண்டும். இதற்கு வழி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் இடத்தில் யூஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஒரு சாதாரண ஒயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும், இதற்குத் தனி டிரைவர் எதுவும் வேண்டாம். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த நெட்டையே கேபிள் வழியாகக் கொடுத்துவிடும், டேட்டா பேக்கில் கை வைக்காது.

டெதரிங் பட்டன் மங்கலாக இருந்து அழுத்த வரவில்லையா? பத்தில் எட்டு தடவை கேபிள்தான் காரணம். சில மலிவு கேபிள்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும், உள்ளே டேட்டா ஒயரே இருக்காது. போன் வாங்கும்போது பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுங்கள்.

பெயரைக் கேளுங்கள்

அடுத்தது முக்கியமான கட்டளை. எல்-எஸ்-பி-சி-ஐ, ஒரு இடைவெளி, ஒரு சிறு கோடு, அதோடு ஒட்டி என்-என்-கே. எண்டர். திரை முழுக்க வரிகள் ஓடும், பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது மூன்று நான்கு வரிதான். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். ஈதர்நெட் கன்ட்ரோலர் என்று இன்னொன்று இருக்கும், அது ஒயர் குத்தும் இடம், அதை விடுங்கள்.

அந்த வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, நான்கு எழுத்து என்று ஒரு எண் இருக்கும். இதுதான் அந்த பாகத்தின் ஆதார் நம்பர். லேப்டாப் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ மாடல் பெயரையோ நம்பாதீர்கள். ஒரே மாடலில் ஒரு பேட்சில் ஒரு வைஃபை சிப், அடுத்த பேட்சில் வேறு சிப் போடுவது சர்வ சாதாரணம். முதல் பாதி கம்பெனியைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல், அவர்களுடைய பழைய புராசஸரின் பெயரையே அடையாள எண்ணாக வைத்துக்கொண்டார்கள். 10ஈசி என்றால் ரியல்டெக், 14ஈ4 என்றால் பிராட்காம், 168சி என்றால் ஏதெராஸ். இரண்டாம் பாதி எந்த சிப் என்று சொல்லும். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி எங்கே தேடினாலும் யாரைக் கேட்டாலும் இந்த எட்டு எழுத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அதன் கீழே கர்னல் டிரைவர் இன் யூஸ் என்று ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள். இந்த பாகத்தை இப்போது எந்த டிரைவர் கையில் வைத்திருக்கிறது என்பதை அது சொல்லும். இன்டெல் என்றால் பெரும்பாலும் ஐடபிள்யூஎல்-வைஃபை, புதிய ரியல்டெக் என்றால் ஆர்டிடபிள்யூ என்று தொடங்கும் பெயர்.

நெல்லிக்குப்பத்துப் பையனின் லேப்டாப்பில் என்ன வந்தது தெரியுமா? 14ஈ4, முக்காற்புள்ளி, 4365. பிராட்காம் பிசிஎம்43142. பார்த்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பழைய நண்பன். இன் யூஸ் வரியும் இருந்தது, அதில் பிசிஎம்ஏ, பிசிஐ, பிரிட்ஜ் என்று ஒரு பெயர். "டிரைவர் இருக்குதே அண்ணா, அப்புறம் ஏன் வரல?" என்றான். நல்ல கேள்வி. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், அது பாலம். சிப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறதே தவிர, வைஃபை பேசத் தெரிந்த டிரைவர் அது இல்லை. இந்தச் சிப்புக்கு டபிள்யூஎல் என்ற கம்பெனி டிரைவர் வேண்டும், அதன் மூல நிரல் முழுவதும் திறந்தது அல்ல, அதனால் கர்னலுக்குள் சேர்க்க முடியாது, தனியாகத்தான் போட வேண்டும். கம்பெனி தளத்திலிருந்து ஒருவன் மூன்று நாள் தேடி எடுக்க முடியாத அது, உபுண்டு தன் மென்பொருள்களை வைத்திருக்கும் களஞ்சியத்திலேயே இருக்கிறது.

நான்கு இடத்தில் நிற்கலாம்

பார்த்தவரையில், ஒரு பாகம் வேலை செய்யாமல் நிற்பது இந்த நான்கு இடங்களில் ஒன்றில்தான்.

ஒன்று, எல்எஸ்பிசிஐயில் அந்த பாகமே இல்லை. எல்-எஸ்-யூ-எஸ்-பி என்று அடித்து அங்கேயும் பாருங்கள், சில வைஃபை, பெரும்பாலான வெப்கேம், ப்ளூடூத், விரல்ரேகை இவை யூஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கும். இரண்டிலும் இல்லை என்றால் இது டிரைவர் தொல்லையே இல்லை. பயாஸில், அதாவது ஓஎஸ் எழும் முன்பே வரும் லேப்டாப்பின் சொந்த செட்டிங்ஸில், வைஃபை அணைந்திருக்கலாம், அல்லது கார்டு தளர்ந்திருக்கலாம். நம் ஊர்கள் கடலோர ஊர்கள், சில்வர் பீச் பக்கத்து வீடுகளில் கதவுக் கீலே இரண்டு வருஷத்தில் துருப்பிடிக்கிறது, லேப்டாப்புக்குள் மட்டும் உப்புக்காற்று போகாதா? தேவனாம்பட்டினத்தில் ஒருவருடைய லேப்டாப்பில் நான் ஒரு முழு மாலை கட்டளையாக அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் திருகைக் கழற்றினால் வைஃபை கார்டின் காலில் பச்சையாகப் பூத்திருந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கார்டை எடுத்து, பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்துப் போட்டதும் வந்துவிட்டது. பிரிக்கத் தைரியம் இல்லை என்றால் சர்வீஸ் கடைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது "ஓஎஸ் மாத்திடாதீங்க, கார்டை மட்டும் பாருங்க" என்று சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மாலையில் விண்டோஸோடு திரும்பி வரும்.

இரண்டு, பாகம் தெரிகிறது, சரியான டிரைவர் இல்லை. பையனுடைய லேப்டாப் நின்றது இங்கே.

மூன்று, டிரைவர் இருக்கிறது, ஃபர்ம்வேர் இல்லை. ஃபர்ம்வேர் என்பது சிப்புக்குள்ளேயே ஓடும் ஒரு சின்ன நிரல். ஒவ்வொரு தடவை லேப்டாப் எழுந்திருக்கும்போதும் டிரைவர் அதை எடுத்துச் சிப்புக்கு ஊட்ட வேண்டும். ஊட்ட ஒன்றும் இல்லை என்றால் சிப் சும்மா கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க: சூடோ, இடைவெளி, டி-எம்-ஈ-எஸ்-ஜி, இடைவெளி, ஒரு நிற்கும் கோடு, இடைவெளி, ஜி-ஆர்-ஈ-பி, இடைவெளி, சிறு கோடு ஐ, இடைவெளி, ஃபர்ம்வேர். அந்த நிற்கும் கோடு எண்டருக்கு மேலே இருக்கும் பட்டனில், ஷிஃப்ட்டோடு. வரும் வரிகளில் ஃபெயில்டு என்றும் மைனஸ் 2 என்றும் இருந்தால், அந்தக் கோப்பைத் தேடினேன், இல்லை என்று பொருள். ஆனால் ஒன்று, இன்டெல் டிரைவர் புதிய பதிப்பு ஃபர்ம்வேரை முதலில் தேடிப் பார்த்து, இல்லை என்றால் அடுத்த பழையதைத் தேடும், அதனால் நான்கைந்து மைனஸ் 2 வந்து கடைசி வரியில் லோடட் என்று இருந்தால் எல்லாம் நலம். சிவப்பு எழுத்தைப் பார்த்தவுடன் பதற வேண்டாம், கடைசி வரை படியுங்கள்.

உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற ஒரே பொதியில் அநேகமாக எல்லாம் வந்துவிடும், டெதரிங்கில் நெட் கொடுத்து அப்டேட் செய்தால் போதும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் கதை வேறு. திறந்த மூலம் அல்லாத ஃபர்ம்வேரை நிறுவும் கோப்பில் சேர்க்க மாட்டோம் என்று அவர்கள் வெகுகாலம் பிடிவாதமாக இருந்தார்கள், 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல்தான் சேர்க்கிறார்கள். யாராவது பழைய டெபியன் பென்டிரைவைக் கொடுத்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள்.

நான்கு, எல்லாம் இருக்கிறது, யாரோ பூட்டியிருக்கிறார்கள். ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல், இடைவெளி, லிஸ்ட். சாஃப்ட் பிளாக்டு எஸ் என்றால் மென்பொருள் பூட்டு, சூடோ போட்டு ஆர்எஃப்கில், இடைவெளி, அன்பிளாக், இடைவெளி, ஆல் என்று அடித்தால் திறந்துவிடும். ஹார்டு பிளாக்டு எஸ் என்றால் கட்டளைக்கு மசியாது, லேப்டாப் விளிம்பில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அல்லது எஃப்என் பட்டனோடு விமானப் படம் போட்ட பட்டன். பழைய லேப்டாப்பைப் பையில் திணிக்கும்போது இந்தச் சுவிட்ச் தானாக நகர்ந்திருக்கும். இதற்காக ஓஎஸ்ஸையே இரண்டு முறை திரும்பப் போட்டவரை எனக்குத் தெரியும். அது நான்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஐந்தாவதாக ஒன்று. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாகத் தூங்காமல் அரைக்கண் மூடிக் கிடக்கும், வைஃபை கார்டையும் அந்த நிலையிலேயே விட்டுவிட்டுப் போகும், அடுத்து லினக்ஸ் எழுந்தால் கார்டு பேசாது. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் போய் அதை அணைத்துவிடுங்கள். அப்படியும் முரண்டு பிடித்தால் ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை முப்பது செகண்டு அழுத்திப் பிடித்து, பிறகு ஆன் செய்யுங்கள். மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் மிச்ச மின்சாரம் வடிந்து சிப் உண்மையாகவே அணைவதுதான் விஷயம்.

போடுவது எப்படி

உபுண்டுவில் மெனுவைத் திறந்து அடிஷனல் டிரைவர்ஸ் என்று தேடுங்கள், மின்ட் என்ற லினக்ஸ் வகையில் அதன் பெயர் டிரைவர் மேனேஜர். திறந்ததும் சற்று யோசிக்கும், பிறகு உங்கள் லேப்டாப்பில் எந்த பாகத்துக்குத் தனி டிரைவர் கிடைக்கிறது என்று வரிசையாகக் காட்டும். அதைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுத்தால் வேலை முடிந்தது. பட்டியல் காலியாக இருந்தால் பெரும்பாலும் இரண்டே அர்த்தம்: நெட் இல்லை, அல்லது தனி டிரைவரே தேவையில்லை. இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் மட்டும் உள்ள லேப்டாப்பில் காலியாக இருப்பதுதான் சரி, அவற்றுக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

பையன் கிளிக் செய்தான். பாதியில் ஒரு பெட்டி தோன்றி, செக்யூர் பூட் பற்றி ஏதோ சொல்லி ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. வைத்தான். ரீஸ்டார்ட் கொடுத்தான், அந்த நேரம் பார்த்து வீட்டில் டீ வந்தது, எடுக்க உள்ளே போனான். திரும்பி வருவதற்குள் உபுண்டு எழுந்து நிற்கிறது. வைஃபை இல்லை.

இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், அதனால் நின்று சொல்கிறேன். செக்யூர் பூட் என்பது வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி. கையெழுத்து இல்லாத எந்த நிரலையும் கர்னலுக்குள் விடமாட்டார். உபுண்டுவோடு வரும் டிரைவர்களுக்கு முறையான கையெழுத்து உண்டு. ஆனால் டபிள்யூஎல் மாதிரி உங்கள் லேப்டாப்பிலேயே கட்டி எழுப்பப்படும் டிரைவருக்கு உங்கள் லேப்டாப்பே ஒரு சாவி தயாரித்துக் கையெழுத்துப் போடுகிறது. அந்தச் சாவியைக் காவல்காரருக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும், அதை நீங்கள் நேரில் உட்கார்ந்துதான் செய்ய முடியும். ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு நீலத் திரை வரும், எந்தப் பட்டனையாவது அழுத்து என்று பத்து செகண்டு காத்திருக்கும், அழுத்தவில்லை என்றால் பேசாமல் கடந்துவிடும். பையன் டீ எடுக்கப் போன பத்து செகண்டு அது.

டிரைவர் உட்கார்ந்ததா என்று பார்க்க சூடோ, இடைவெளி, எம்-ஓ-டி-பி-ஆர்-ஓ-பி-ஈ, இடைவெளி, டபிள்யூ-எல் என்று அடித்தோம். சாவி நிராகரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. சந்தேகம் தீர்ந்தது. சரி, மறுபடி அறிமுகம் செய்வோம். உபுண்டுவில் இதற்கான கட்டளை: சூடோ, இடைவெளி, அப்டேட், சிறு கோடு, செக்யூர்பூட், சிறு கோடு, பாலிசி, இடைவெளி, இரண்டு சிறு கோடு, என்ரோல், சிறு கோடு, கீ. எட்டு எழுத்துக்குக் குறையாமல் ஒரு பாஸ்வேர்டு கேட்டது, இந்த ஒரு தடவைக்குத்தான், எளிதாக வையுங்கள். ரீஸ்டார்ட். இந்தத் தடவை அவன் நாற்காலியை விட்டு எழவே இல்லை, டீ ஆறிப்போனது. நீலத் திரை வந்ததும் ஒரு பட்டன், பிறகு என்ரோல் எம்ஓகே, கன்டின்யூ, எஸ், அந்தப் பாஸ்வேர்டு, ரீபூட். உபுண்டு எழுந்தது, மேலே வலது மூலையில் விசிறி மாதிரி அந்தச் சின்னம். பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்களெல்லாம் வரிசையாக வந்தன.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பயாஸில் செக்யூர் பூட்டை அணைப்பவர்களும் உண்டு. லினக்ஸ் மட்டும் இருக்கும் பழைய லேப்டாப் என்றால் நானும் சில நேரம் அணைத்திருக்கிறேன். கூடவே விண்டோஸ் இருந்தால் அவசரப்படாதீர்கள், அது பிட்லாக்கர் பூட்டில் இருந்தால் அடுத்த தடவை நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும், அது கையில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கல்யாண போட்டோவெல்லாம் போனது போனதுதான்.

இன்னொரு கண்ணி, நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளம். ரியல்டெக் சிப் வைத்திருப்பவர்கள் எண்ணைத் தேடினால் யாரோ ஒருவர் போட்டு வைத்த டிரைவர் நிரல் கிடைக்கும், நான்கு கட்டளையில் வேலை செய்துவிடும், சந்தோஷமாக இருக்கும். இரண்டு வாரம் கழித்துக் கர்னல் அப்டேட் வரும், டிரைவர் போய்விடும், ஏனென்றால் அது பழைய கர்னலுக்காகக் கட்டியது. டிகேஎம்எஸ் என்ற ஏற்பாட்டோடு போட்டிருந்தால் ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் தானாகத் திரும்பக் கட்டிக்கொள்ளும், அதுவும் எப்போதும் கைகொடுக்காது. அதற்குப் பதில் முதலில் யூ-என்-ஏ-எம்-ஈ (யூநேம்), இடைவெளி, சிறு கோடு ஆர் என்று அடித்து உங்கள் கர்னல் எண்ணைப் பாருங்கள். புது லேப்டாப்பும் பழைய கர்னலுமாக இருந்தால், புதிய கர்னல் ஒன்றே மருந்தாக இருக்கும். ஒரு காலத்தில் ஊரையே அழவைத்த ரியல்டெக் 8821சிஈ இன்று கர்னலுக்குள்ளேயே வருகிறது.

திரை கறுப்பு, சத்தம் ஊமை

என்விடியா கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் சில நேரம் பென்டிரைவில் பூட் ஆகும்போதே திரை கறுப்பாகிவிடும். லேப்டாப் சாகவில்லை. தொடக்கத்தில் வரும் மெனுவில் உபுண்டு வரியில் நின்று ஈ அழுத்துங்கள், லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய் ஒரு இடைவெளி விட்டு நோ-மோட்-செட் என்று ஒரே சொல்லாக அடித்து எஃப்10 அழுத்துங்கள். திரை கொஞ்சம் அசிங்கமாக வரும், பரவாயில்லை, உள்ளே போய் அடிஷனல் டிரைவர்ஸில் ரெகமண்டட் என்று எழுதியிருக்கும் டிரைவரைப் போடுங்கள். பட்டியலில் பெரிய எண் எது என்று பார்த்துப் போடாதீர்கள், ரெகமண்டட் எது என்று பாருங்கள்.

நேற்று வரை நன்றாக இருந்து அப்டேட்டுக்குப் பிறகு போய்விட்டது என்றால் இன்னும் எளிது. ஆன் செய்ததும் எஸ்கேப்பை ஒரு தடவை தட்டினால் மெனு வரும், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கர்னல் அப்படியே இருக்கும். அதில் நுழைந்தால் வேலை நடக்கும், சிக்கலை அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். நான் இதைத் தெரிந்துகொள்ளும் முன், மாதக் கடைசியில் ஒரு கடைக்காரரின் வரிக் கணக்கு பாதியில் நிற்க, எங்கோ படித்த நீக்கும் கட்டளையை அடித்து, எதையெல்லாம் நீக்கப்போகிறேன் என்று அது காட்டிய நீளமான பட்டியலைப் படிக்காமல் ஒய் தட்டி, டெஸ்க்டாப்பையே மொத்தமாக நீக்கியிருக்கிறேன். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு மின்னிக்கொண்டே இருந்தது. அந்தப் பட்டியலைப் படியுங்கள், தயவுசெய்து.

சத்தம் வரவில்லை என்றால் முதலில் செட்டிங்ஸில் சவுண்டைத் திறந்து அவுட்புட் எங்கே போகிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ என்று இருந்தால், அங்கே இல்லாத ஒரு டிவிக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கிறது, ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். சரியாக இருந்தும் ஊமை என்றால் டெர்மினலில் ஏ-எல்-எஸ்-ஏ-எம்-ஐ-எக்ஸ்-ஈ-ஆர் என்று அடித்து, எஃப்6இல் கார்டைத் தேர்ந்து, தூணுக்குக் கீழே எம்எம் என்று இருந்தால் எம் பட்டனைத் தட்டி அவிழ்த்துவிடுங்கள். அவுட்புட்டில் டம்மி என்று மட்டும் காட்டினால் அது மறுபடி ஃபர்ம்வேர் கதை, சில ஆண்டுகளாக வரும் இன்டெல் லேப்டாப்களில் சவுண்டுக்கு எஸ்ஓஎஃப் என்ற தனி ஃபர்ம்வேர் வேண்டும், மேலே சொன்ன டிஎம்ஈஎஸ்ஜி தேடலே இங்கேயும் காட்டிக்கொடுக்கும். டச்பேடு வேலை செய்யவில்லை என்றால் எஃப்என் பட்டனோடு டச்பேடு படம் போட்டதைத் தட்டிவிட்டு அப்புறம் மற்றதைப் பேசலாம்.

வாங்கும் முன்பே

இதெல்லாம் லேப்டாப் கைக்கு வந்த பிறகு. பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு, அது புதுச்சேரிக் கடையாக இருந்தாலும் திருப்பாதிரிப்புலியூர்க் கடையாக இருந்தாலும், உபுண்டு ஏற்றிய ஒரு பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். டிரை உபுண்டு கொடுத்தால் எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். வைஃபை தெரிகிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் எழுகிறதா, கேமரா வருகிறதா, பத்து நிமிஷ வேலை. கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான். 2011இல் அரசு தொடங்கிய திட்டத்தில் கிடைத்த லேப்டாப் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் அதிலும் முதலில் இப்படி ஓட்டிப் பாருங்கள், உபுண்டு கனமாக இருந்தால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. நிறுவும்போது போன் டெதரிங்கை ஆன் செய்து, மூன்றாம் தரப்பு மென்பொருளையும் சேர்த்துப் போடு என்ற பெட்டியில் டிக் அடித்துவிட்டால், பையன் பட்ட பாட்டில் பாதி உங்களுக்கு இல்லை.

அப்படியும் தீரவில்லை, யாரையாவது கேட்கப் போகிறீர்கள் என்றால், விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி என்று லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் இருக்கிறார்கள். யாரிடம் போனாலும் மூன்று விஷயத்தை எழுதி எடுத்துப் போங்கள்: எந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு என்பது, யூநேம் காட்டிய கர்னல் எண், எல்எஸ்பிசிஐ காட்டிய அந்த எட்டு எழுத்தும் இன் யூஸ் வரியும். "வைஃபை வரல" என்று மட்டும் சொன்னால் எதிராளி கேட்கும் முதல் கேள்விகள் இவைதான், அதற்கே அரை மணி நேரம் போய்விடும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் மறுபடி வந்தான், கூட ஒரு நண்பன். நண்பனின் கையில் ஒரு துண்டுக் காகிதம், அதில் எல்எஸ்யூஎஸ்பி காட்டிய எண் அழகாக எழுதியிருந்தது. விரல்ரேகை வைக்கும் இடம் வேலை செய்யவில்லையாம். லினக்ஸில் விரல்ரேகைக்கான மென்பொருளான லிப்எஃப்பிரிண்ட் ஆதரிக்கும் சாதனங்களின் பட்டியலில் தேடிப் பார்த்தோம், அந்த எண் இல்லை. பல விரல்ரேகைச் சிப்புகளுக்கு லினக்ஸில் டிரைவரே கிடையாது, எவ்வளவு தட்டினாலும் வராது. ரெண்டே நிமிஷம்தான் ஆனது. பாஸ்வேர்டையே அடிக்கச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினேன்.